டான் லெனோ: ஒற்றை ஆளாக ஒரு தெருவையே மேடையேற்றிய நடிகர்

ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக மேடைக்கு வருகிறாள். வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும் அவளுக்கு. எல்லாம் மிஸஸ் கெல்லியால் வந்த வினை. "மிஸஸ் கெல்லியைத் தெரியும்தானே?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவளால் அதை நம்பவே முடியவில்லை. மிஸஸ் கெல்லியை எப்படித் தெரியாமல் போகும்? எல்லாருக்கும் தெரியுமே! அவள் யாருக்கு என்ன உறவு, புருஷன் எங்கே கடை வைத்திருக்கிறான் என்று விளக்கத் தொடங்குகிறாள். சண்டைக் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மிஸஸ் கெல்லி மேடைக்கு வரப்போவதே இல்லை. ஆனால் சில நிமிடங்களுக்குள் அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்துவிடுகிறது.

அந்தப் பெண்மணியாக நின்றவர் டான் லெனோ. ஐந்தடி மூன்று அங்குல உயரம், மெலிந்த உடம்பு, வளைத்து வரைந்த புருவம், அகன்ற வாய். 1880களின் பிற்பகுதியிலிருந்து 1904 வரை இங்கிலாந்தின் நகைச்சுவை மேடையில் அவர்தான் உச்சத்தில் இருந்தார். பழைய கோமாளி மேதை கிரிமால்டிக்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர் என்று சார்லி சாப்ளின் தன் சுயசரிதையில் அவரைக் குறிப்பிடுகிறார். சாப்ளினைத் தெரிந்த நம்மில் பலருக்கு லெனோவைத் தெரியாது. சினிமா தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவர் இறந்துவிட்டார், அதுதான் காரணம்.

லெனோவின் பெருமையை "நன்றாகச் சிரிக்க வைத்தார்" என்று சொல்லி முடித்துவிட முடியாது. சிரிக்க வைத்தவர்கள் அன்று லண்டனில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். லெனோ செய்தது வேறு. ஒரு மனுஷியை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தி, அவளைச் சுற்றியிருக்கும் அக்கம்பக்கத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே அழைத்து வந்தார். இந்த வித்தைக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: அவர் வளர்ந்த வறுமை, அவர் வேலை செய்த மியூசிக் ஹால்.

முதலில் மியூசிக் ஹால். மதுக்கடைகளின் பின்னறைகளில் ஆட்கள் கூடிப் பாடும் வழக்கத்திலிருந்து வளர்ந்த பொழுதுபோக்கு இது. 1852இல் சார்லஸ் மார்ட்டன் என்பவர் தென் லண்டனின் லாம்பெத் பகுதியில் தன் மதுக்கடையை ஒட்டி கேன்டர்பரி ஹாலைத் திறந்தார். அதைப் பார்த்து ஊரெங்கும் அதுபோன்ற அரங்குகள் முளைத்தன. மக்கள் மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள், சாப்பிடுவார்கள், புகைப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். கையில் சிறு சுத்தியலோடு ஒரு தலைவர் உட்கார்ந்து, மேஜையைத் தட்டி அடுத்த கலைஞரை அறிவிப்பார். பாடகர், வித்தைக்காரர், நடனக்காரி, மறுபடி பாடகர் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பிடிக்கவில்லையென்றால் கூட்டம் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். புகழ்பெற்ற கலைஞர்கள் ஓர் அரங்கில் முடித்ததும் குதிரை வண்டியில் ஏறி அடுத்த அரங்குக்கு ஓடுவார்கள். ஒரே இரவில் மூன்று மேடை ஏறுவது சர்வசாதாரணம்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. 1843இல் வந்த நாடகச் சட்டப்படி, நாடக அரங்குக்கான உரிமம் வாங்கினால் பார்வையாளர் கூடத்தில் மது விற்க முடியாது. மது விற்கும் கூடங்கள் முறையான நாடகம் போட முடியாது. மியூசிக் ஹால்கள் மதுவை நம்பிப் பிழைத்தவை. ஆகவே பல பாத்திரங்கள் வசனம் பேசிக் கதை நடத்தும் வேலையை அவை எடுத்தால் வழக்கு வரும் அபாயம் இருந்தது. தனி ஆள் பாடலாம், பாட்டுக்கு நடுவே பேசலாம். என் பார்வையில், லெனோவின் கலை வடிவத்துக்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம். பல பேர் நடிக்க வேண்டிய நாடகம் முழுவதையும் ஒரே ஆளின் பேச்சுக்குள் அடக்கியாக வேண்டியிருந்தது. மிஸஸ் கெல்லி மேடையில் தோன்றாமலே வாழ்வதற்கு இந்த நெருக்கடியும் வழி செய்திருக்கிறது.

அடுத்து, அவருடைய வாழ்க்கை. 1860 டிசம்பர் 20 அன்று லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜார்ஜ் வைல்ட் கால்வின். பிறந்த வீடு இருந்த இடம் சில வருடங்களிலேயே ரயில் நிலையம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. பெற்றோர் இருவருமே மேடைக் கலைஞர்கள். "மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஜானி வைல்ட்" என்ற பெயரில் சேர்ந்து பாடி நடித்தவர்கள். பெயரும் இல்லை, பணமும் இல்லை. குழந்தைக்கு நான்கு வயது நிரம்புவதற்குள் 1864இல் தகப்பனார் இறந்துபோனார். குடியும் அவரைத் தின்றிருந்தது. அதே வருடம் பாடிங்டனில் இருந்த காஸ்மோதீக்கா என்ற அரங்கில் குழந்தை ஜார்ஜ், உடம்பை வளைத்து வித்தை காட்டும் அதிசயச் சிறுவனாக மேடையேறினான். பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மேடைதான் எல்லாம்.

1866இல் தாய் மறுமணம் செய்துகொண்டார். புதுக் கணவரும் நகைச்சுவைக் கலைஞர்தான். வில்லியம் லெனோ என்பது அவருடைய மேடைப் பெயர். லெனோ என்ற பெயர் நம் நடிகருக்கு வந்தது இவரிடமிருந்துதான். அப்புறம் குடும்பமாக ஊர் ஊராக அலைச்சல். வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று கிடைத்த இடத்தில் ஆடினார்கள். 1869இல் பெல்ஃபாஸ்டில் அந்தச் சிறுவனின் ஆட்டத்தைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், நீ முன்னுக்கு வருவாய் என்று வாழ்த்தியதாக ஒரு கதை உண்டு. அந்த வருடத் தொடக்கத்தில் டிக்கன்ஸ் தன் வாசிப்புச் சுற்றுப்பயணத்துக்காக அந்த ஊருக்குப் போனது உண்மை. மற்றது, மேடைக் குடும்பங்கள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய செய்தி.

இந்த வயதில் அவர் எங்கே வாழ்ந்தார் என்பது முக்கியம். மலிவான வாடகை அறைகள், கறாரான வீட்டுக்காரம்மாக்கள், கடன் கேட்டு நிற்கும் கடைக்காரர், கதவோரம் நின்று ஊர்க்கதை பேசும் பெண்கள், குடித்துவிட்டு வரும் கணவனுக்காக விழித்திருக்கும் மனைவி. பிற்காலத்தில் மேடையில் அவர் காட்டிய ஆட்கள் எல்லாரும் இந்தச் சந்துகளில் இருந்தவர்கள்தான். வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் கிடையாது அவர், அங்கேயே பசியோடு வளர்ந்த பையன்.

வடக்கில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கட்டைச்செருப்பு நடனம். லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போட்ட மர அடிப்பாகம் கொண்ட செருப்புகளிலிருந்து பிறந்த ஆட்டம் இது. குதிகாலும் நுனியும் பலகையில் படும் தாளம்தான் உயிர். சில போட்டிகளில் நடுவர் மேடைக்கு அடியிலே உட்கார்ந்து, காலைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பெண் போடுவார். ஒரு தட்டு பிசகினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். 1880இல் லீட்ஸ் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் லெனோ வென்றார். பரிசாகக் கிடைத்த பொன்னும் வெள்ளியும் சேர்ந்த இடுப்புப் பட்டை ஒன்றேகால் கிலோ எடை. அந்தக் கால்களுக்குள் இருந்த தாளம் பின்னாளில் பேச்சுக்குள் போனது. எங்கே நிறுத்துவது, எங்கே அவசரப்படுவது, எந்தச் சொல்லை விழுங்குவது என்ற அவருடைய கணக்கு ஒரு நடனக்காரரின் கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேடைப் பாடகி லிடியா ரெனால்ட்ஸைத் திருமணம் செய்துகொண்ட பிறகு, 1885இல் லண்டன் திரும்பினார். கிழக்கு லண்டன் மைல் எண்டில் இருந்த ஃபாரஸ்டர்ஸ் மியூசிக் ஹாலில் வாரம் ஐந்து பவுண்டு சம்பளம். இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் வாங்கப் புறப்பட்ட தாயாக வேடம் கட்டி ஒரு பாட்டு, அதோடு சாம்பியன் பட்டம் வாங்கிய நடனம். நடனத்தைத்தான் அவர் பெரிதாக நம்பியிருந்தார். லண்டன்காரர்களுக்கோ அது அவ்வளவாக ருசிக்கவில்லை. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது அந்த அலைக்கழியும் தாயைப் பார்த்து. லெனோ புரிந்துகொண்டார். பத்து வருட உழைப்பில் கைவந்த வித்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஆட்களை உருவாக்குவதில் இறங்கினார்.

அவருடைய ஒவ்வொரு உருப்படிக்கும் ஏறக்குறைய ஒரே கட்டமைப்பு. சின்னதாக ஒரு பாட்டு, ஒரு சரணம் முடிந்ததும் பாட்டு நின்று பேச்சு தொடங்கும், பேச்சு எங்கெங்கோ போய் மறுபடி பல்லவியில் வந்து முடியும். பாட்டு ஒரு சாக்கு, சரக்கு பேச்சில். துணிக்கடைச் சிப்பந்தி, ரயில் கார்டு, நீச்சல் வாத்தியார், ஆள் சேர்க்கும் ராணுவ சார்ஜென்ட் என்று வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அதில் லண்டன் கோபுரத்துக் காவலர் ஒருவர் உண்டு. வந்தவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. "இந்தக் கோபுரம் மாதிரி ஓர் இடம் பூமியிலேயே கிடையாது. இதுவரை போனதில்லையென்றால், இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்" என்று ஆரம்பிப்பார். காசு கொடுத்தால் இலவசமாக உள்ளே போகலாம் என்பார். கோட்டையின் புராதனப் பொருட்களைச் சொல்லத் தொடங்கினால், முதல் புராதனப் பொருள் வாசலில் காசு வாங்கும் ஆள். அடுத்தது சிற்றுண்டி அறை. அங்கே இருக்கும் பன், இஞ்சி பீர், பரிமாறும் பெண்கள் எல்லாமே மிகப் பழமையானவை. அரசர்கள், சிறைகள், தலைவெட்டு எல்லாவற்றையும் தாண்டி அவர் பேச்சு சிற்றுண்டி அறைக்கே திரும்பத் திரும்பப் போகும்.

வார்த்தைகளை மட்டும் எடுத்து வைத்தால் இது சாதாரணக் கடி மாதிரிதான் தெரியும். வேறுபாடு எங்கே என்றால், அந்தக் காவலருக்குத் தான் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்பதே தெரியாது. மனசார, பொறுப்போடு, வேலையை ஒழுங்காகச் செய்கிற நினைப்பில் பேசுகிறார். லெனோவின் எந்தப் பாத்திரமும் சிரிப்புக்காக நிற்பதில்லை. அவர்களுக்குத் தலைபோகிற பிரச்சினை இருக்கிறது, அதைச் சொல்லித் தீர்க்கத் துடிக்கிறார்கள், சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். நாம் சிரிப்பது அந்தத் தவிப்பைப் பார்த்து. உலகத்திலேயே சோகமான கண்கள் அவருடையவை, சிரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்போம் என்கிற பொருளில் மேரி லாய்ட் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. லாய்ட் மியூசிக் ஹாலின் மகாராணி. சகக் கலைஞரை எடைபோடத் தெரிந்தவர்.

இன்னொரு பெரிய கதை பேண்டமைம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி வாரக்கணக்கில் ஓடும் இந்த நாடகங்களில் தேவதைக் கதை, பாட்டு, பிரம்மாண்டக் காட்சிகள் எல்லாம் கலந்திருக்கும். வழக்கப்படி கதாநாயகன் வேடத்தை ஒரு பெண் போடுவாள். டேம் எனப்படும் வயதான பெண் வேடத்தை ஓர் ஆண் போடுவார். 1886 கிறிஸ்துமஸ் பருவத்தில் சர்ரே தியேட்டரில் 'ஜாக்கும் அவரைக்கொடியும்' கதையில் ஜாக்கின் அம்மாவாக லெனோ நடித்தது பேசப்பட்டது. டுரூரி லேன் தியேட்டரின் நிர்வாகி அகஸ்டஸ் ஹாரிஸ் 1888இல் அவரைத் தன் மேடைக்குக் கூட்டிவந்தார். அதிலிருந்து 1904 வரை ஒரு வருடம் விடாமல் லண்டன் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் லெனோவோடுதான் கழிந்தது. மியூசிக் ஹால்காரர்களை அந்தப் புகழ்பெற்ற அரங்கில் ஏற்றியது பேண்டமைமைக் கெடுத்துவிட்டது என்று முணுமுணுத்தவர்கள் அன்று நிறையப் பேர். கூட்டம் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

அங்கே அவருக்கு ஜோடி ஹெர்பர்ட் கேம்ப்பெல். கேம்ப்பெல் 120 கிலோ ஆள், லெனோ ஒட்டடைக்குச்சி. இருவரும் சேர்ந்து நடந்து வந்தாலே அரங்கம் அதிரும். 1897 பருவத்தில் காட்டில் தொலைந்துபோகும் இரண்டு பச்சைக் குழந்தைகளாக இவர்கள் இருவருமே வேடமிட்டார்கள் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் சிகரம் 1902இல் வந்த மதர் கூஸ்தான். ஜே. ஹிக்கரி உட் என்பவர் லெனோவை மனதில் வைத்தே எழுதினார். அதுவரை டேம் என்றால் பெரும்பாலும் கூத்தடிக்கும் கிழவி. கதை வேறு யாரையாவது சுற்றி நடக்கும். இங்கே கதையே அவளுடையது. ஏழை, அழகில்லாதவள், இருப்பதை வைத்துச் சந்தோஷமாக இருப்பவள். பொன் முட்டையிடும் வாத்து கிடைக்கிறது, பணம் வருகிறது. பணம் வந்ததும் அழகும் வேண்டும் என்று ஆசை பிறக்கிறது. மாயக் குளத்தில் மூழ்கி இளம் பெண்ணாக எழுந்து வருகிறாள். அப்போதும் நிம்மதி வரவில்லை. ஏழைக் கிழவி, புதுப் பணக்காரி, அழகில் மயங்கி நிற்கும் இளம் பெண் என்று ஒரே ஆளின் மூன்று நிலைகளை லெனோ காட்ட வேண்டியிருந்தது. பெண் வேடம் போட்ட ஆண் என்றால் கேலி என்று நினைத்திருந்த மேடையில், ஒரு பெண்ணின் ஆசையையும் வெட்கத்தையும் ஏமாற்றத்தையும் நம்பும்படி கொண்டுவந்தார். டேம் வேடத்துக்கு அவர் செய்த மிகப் பெரிய காரியம் இது.

வெளியுலகப் புகழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1897இல் நியூயார்க் போனார். உலகத்திலேயே மிக வேடிக்கையான மனிதர் என்று தடபுடலாக விளம்பரம் செய்தார்கள்; வரவேற்பு பாதிக்குப் பாதிதான். 1898இல் அவர் பெயரிலேயே ஒரு படக்கதை வார இதழ் வந்தது. 1901 நவம்பரில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் ஏழாம் எட்வர்ட் மன்னர் முன் நடித்தார். மன்னர் கொடுத்த டை ஊசியை விடாமல் குத்திக்கொண்டார். அரசவை விகடன் என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. பணம் வந்தது, வந்த வேகத்தில் நலிந்த கலைஞர்களுக்கும் கேட்டு வந்தவர்களுக்கும் போனது.

உடம்பும் மனசும்தான் தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஓய்வே இல்லாத உழைப்பு, இரவுக்கு இரவு பல மேடைகள், குடி. அதோடு காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. கூட்டத்தின் சிரிப்பை வைத்தே அடுத்த வார்த்தையின் நேரத்தைக் கணக்கிடும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய அடி! மதர் கூஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே நடத்தை மாறத் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஹாம்லெட் போன்ற சோக நாயகனாக நடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. நடிகை கான்ஸ்டன்ஸ் காலியரைச் சந்தித்து, தன்னோடு நாயகியாக நடிக்க வரும்படி கேட்டார். அதன்பின் சில நாட்களில் நிலைமை முற்றியது. 1903இல் கேம்பர்வெல்லில் இருந்த மனநல மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தார்.

கோமாளி ஹாம்லெட் ஆக ஆசைப்பட்டதைப் பலர் ஒரு விந்தைச் செய்தியாகவே எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோய் நோய்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் துன்பப்படும் மனிதர்களை இருபது வருடம் மேடையில் அத்தனை நுட்பமாகக் காட்டிய ஒருவர், சிரிப்பு இல்லாமலும் அதைக் காட்ட முடியும் என்று நினைத்ததில் என்ன தப்பு இருக்கிறது? மதர் கூஸைப் பார்த்தவர்கள் அந்தத் திறமையின் ஒரு பகுதியை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

1903 இறுதியில் குணமடைந்தவராக டுரூரி லேனுக்குத் திரும்பினார். ஹம்ப்டி டம்ப்டி நாடகத்தில் அவர் தோன்றியதும் கூட்டம் ஆர்ப்பரித்து வரவேற்றது. அதுவே கடைசிப் பேண்டமைம். 1904 ஜூலையில் கேம்ப்பெல் இறந்தார். நண்பனின் சாவு லெனோவை மேலும் உலுக்கியது. அக்டோபர் 31 அன்று லெனோவும் போய்விட்டார். வயது 43. இறுதி ஊர்வலத்தில் வழிநெடுக ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். விமர்சகர் மேக்ஸ் பியர்போம் எழுதிய அஞ்சலி இன்றும் படிக்கத் தக்கது. எத்தனை அடி வாங்கினாலும் துணிச்சலை விடாத, கீச்சுக் குரலில் பேசிக்கொண்டே வாழ்க்கையோடு மல்லுக்கட்டும் ஒரு சின்ன மனிதனாக அவர் லெனோவை அதில் வரைந்து காட்டுகிறார்.

லெனோ 1901க்கும் 1903க்கும் இடையில் சில உருப்படிகளை இசைத்தட்டில் பதிந்தார். அவை கிடைக்கின்றன, கேட்கலாம். ஆனால் எதிர்பார்ப்போடு கேட்டால் ஏமாற்றம்தான். அன்று மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் கத்திப் பேச வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எதிரே கூட்டம் இல்லை, சிரிப்பு இல்லை. முகமும் கைகாலும் செய்த வேலை தட்டில் விழாது. இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள். இரைச்சலுக்குள்ளே ஒரு குரல் தடுக்கி, மூச்சுத் திணறி, திடீரென்று வேகமெடுத்து ஓடுவது பிடிபடும். அந்த அவசரம்தான் லெனோ.

அவருக்குப் பின் வந்தவர்களைப் பார்த்தால் தடம் இன்னும் தெளிவாகத் தெரியும். சாப்ளினும் சிறுவனாக ஒரு கட்டைச்செருப்பு நடனக் குழுவில்தான் தொழிலைத் தொடங்கினார். உடம்பு சிறுத்த ஏழை மனிதன், மரியாதையை விடாமல் உலகத்தோடு மோதுவது என்ற சாப்ளினின் அடிப்படை உருவம் மியூசிக் ஹால் மேடைகளில் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தது. அக்கர்மன் சாலையில் லெனோ குடியிருந்த வீட்டில் லண்டன் கவுன்டி கவுன்சில் 1962இல் நினைவுப் பலகை பதித்தது. மதர் கூஸ் இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டனின் ஏதாவது ஓர் ஊரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டேம் வேடங்களிலேயே கடினமானது அது என்று நடிகர்கள் மதிக்கிறார்கள். 2022 டிசம்பரில், ஷேக்ஸ்பியரின் அரசர்கள் பலரை நடித்து முடித்த இயன் மெக்கெல்லன், தன் 83ஆவது வயதில் அந்த வேடத்தைக் கட்டிக்கொண்டு லண்டன் மேடையில் ஏறினார்.